ஸ்போக் கம்பிக்குக் கொழுப்பு

"என் தம்பிய எண்ணெயில குளிப்பாட்டியே கொல்லப் பாக்குறியா?"

"அண்ணி, வீட்ல எண்ணெய் வாங்கியே ரெண்டு மாசமாச்சு! தாளிக்கிற சத்தமே மறந்துபோச்சு."

"அப்புறம் எப்படிடி கொழுப்பு ஏறும்? உன் கொழுப்புதான் அவனுக்கு ஏறுது!"

நமக்கெதற்கு வம்பு? ஆனால் சன்னல் திறந்திருந்தால் காது என்ன செய்யும்? இந்த அக்காவுக்குத் தெருவில் மைக்செட் என்று பெயர். சைக்கிள் கடை வைத்திருக்கும் தம்பியோ ஸ்போக் கம்பிபோல இருப்பான். அவன் ரத்தத்தில் கொழுப்பு என்று தெரிந்ததும் தெருவே சிரித்தது.

மைக்செட் சிரிக்கவில்லை. அவளுடைய மூத்த தம்பி பதினைந்து வருடத்துக்கு முன்பு, முப்பத்தைந்து வயதில், சட்டைக்குப் பித்தான் போடும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். 'சமைச்சுப் போட்டே கொன்னுட்டா' என்று அவன் மனைவியைக் கைக்குழந்தையோடு துரத்தியவளும் இவளேதான். இப்போது மிச்சம் இந்த ஒருவன்.

ஆகவே அடுப்படியைத் தானே பிடித்தாள். முட்டை போயிற்று, பால் போயிற்று.

"அக்கா, இந்த அவிச்ச காய்க்கு நோயே பரவால்ல."

"வாய மூடிட்டுத் தின்னுடா."

தம்பி பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள். மறுபடி ரத்தம் பார்த்தார்கள். கொழுப்பு இன்னும் ஏறியிருந்தது.

"இப்ப யாரத் திட்டுறது அக்கா?" என்றான் தம்பி. மைக்செட் அவனை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"வீட்ல யாராவது சின்ன வயசுல மாரடைப்புல போயிருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா. மூத்தவன் கதையைச் சொன்னார்கள்.

"அப்ப சமையல் மேல தப்பு இல்லம்மா. இது பரம்பரையா, பொறக்கும்போதே வர்றது. ரத்தத்துல இருக்குற கொழுப்ப ஈரல் சரியா எடுக்காது. மாத்திரை போட்டாத்தான் அடங்கும். செத்துப்போன அவருக்குப் பிள்ளை இருந்தா அதுக்கும் உடனே ரத்தம் பாக்கணும்."

துரத்தப்பட்டவள் மறுகல்யாணம் செய்துகொண்டு ஊர் மாறிப் போய்விட்டாள். 'ஓடுகாலி' என்று பரப்பிய அதே வாயால் மைக்செட் வீடு வீடாக விலாசம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு மூத்தவனின் அதே மூக்கு.

"கண்ணு, நான் உன் அத்தை. உனக்கு ஒடனே ரத்தம் பாக்கணும்..."

"பாத்தாச்சு அத்தை, சின்ன வயசுலேருந்தே மாத்திரை சாப்பிடுறேன். அப்பா போனன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம். அம்மா ஓடி வந்து 'உங்க குடும்பத்துக்கே கொழுப்பு'ன்னு ஆரம்பிச்சதும், மீதியக் கேக்காம கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டீங்களாமே?"