மிஷின் காலுக்குக் கீழே லட்சுமி

பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்து, நாலு பேருக்குப் புத்தி சொல்கிற நிலையில் இருக்கும் என் மைத்துனன் சீனுவுக்கு, திருப்பதியிலிருந்து உன் அக்கா புருஷன் சண்முகம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதச் சொல்வது. இங்கே மிஷின் சௌக்கியம். மனிதர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். என் மகன் சாய்குமார் தெலுங்கில் படித்தவன். அதனால் திருத்தணியில் தமிழ் படித்த மருமகள் துர்காதேவி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். போனில் பேசலாமே என்பாய். உன் போனை உன் அக்கா ருக்மணி அல்லவா எடுக்கிறாள்! நான் தொண்டையைச் செருமும்போதே வைத்துவிடுகிறாள். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. அவள் காதில் விழும்படி உரக்கப் படி.

நம் நாடு கிரிக்கெட்டில் முதல் தடவை உலகக் கோப்பை ஜெயித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அதே வருஷம்தான் புத்தலப்பட்டு தாண்டிப் பால் லாரி கவிழ்ந்து, ஊரே குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியது. உங்கள் அப்பா மாமரத்திலிருந்து விழுந்துவிட்டு, "விழல, எறங்கனேன்" என்று கடைசிவரை சாதித்ததும் அப்போதுதான். அந்த ஆவணியில் எனக்கும் உன் அக்காவுக்கும் கல்யாணம். ஐப்பசியில், நான் வேலை பார்த்த சித்தூர் பட்டறைக்கு மரப்பெட்டியில் ஒரு மில்லிங் மிஷின் வந்து இறங்கியது. தச்சனுக்கு இழைப்புளி எப்படியோ இரும்புக்கு இந்த மிஷின் அப்படி. சீவிச் சீவிச் சமமாக்கும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், சீனு. மூக்குக் கண்ணாடி வைத்த இடம் மட்டும்தான் மறக்கும்.

போன வருஷம் அந்தப் பட்டறையை மூடினார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மழையில் நனைந்து துருப்பிடித்துப்போன மிஷினைச் சம்மட்டியால் உடைத்து எடை போட ஒருவன் தயாராக நின்றான். நான் வாயைத் திறந்து, "நில்லுப்பா" என்றேன். அவ்வளவுதான் என் தப்பு. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மிஷின் என்னுடையதாகிவிட்டது. லாரி எங்கள் தெருமுனைக்கு வந்ததும் கிரேன் ஓட்டுகிற பவன்குமார் இறங்கி, சந்தின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு, "சந்துலோ க்ரேன் பட்டது தாத்தா" என்று தெலுங்கில் கைவிரித்தான். சந்துக்குள் கிரேன் நுழையாது என்றால் சுவர்தானே வழிவிட வேண்டும்? காம்பவுண்டுச் சுவரை இடித்தோம். சுவரோடு ருக்மணி துணி துவைக்கிற கல்லும் போயிற்று. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னா சாய் நைனா, வயசானவங்க ஏழுமலையானைப் பாக்க மலையேறுவாங்க. நீங்க இரும்பை இஸ்துக்கினு வர்றீங்களே!" என்றாள். "இதுவும் மலை மாதிரிதான் இருக்குது, பாரு" என்றேன். அன்று எனக்குச் சோறு தாமதமாக வந்தது.

அப்புறம் ஸ்கூட்டர் ஷெட் என் பட்டறையானது. மிஷின் வயிற்றுக்குள் அணில் கூடு, யாரோ போட்ட பீடித் துண்டு, ஒரு குழந்தைச் செருப்பு. துருவை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். மூன்று வேளையும் இட்லியில் மண்ணெண்ணெய் மணம் வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகை அழிந்து, ரேஷன் கடை மிஷின் என்னை யாரென்றே தெரியாது என்றது. இரும்பு சீவும்போது சூடாகாமல் இருக்க எண்ணெயைத் தண்ணீரில் கலந்து வாளியில் வைத்திருந்தேன். அது பார்க்கப் பால் போலவே இருக்கும். பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா வந்து, "இன்னா பெரிப்பா, இம்மாம் பாலு! எதுனா விசேஷமா?" என்று உரிமையாக ஒரு சொம்பு மொண்டுகொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் சொம்போடு திரும்பி வந்து, "பொங்கவே மாட்டேங்குது பெரிப்பா, வூடே லாரி ஷெட்டு மாதிரி நாறுது" என்றாள். அவள் இப்போது என்னைப் பெரிப்பா என்று கூப்பிடுவதில்லை.

மிஷினைத் தளத்தில் நிறுத்துகிற அன்று நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டோம். ருக்மணி கோபத்திலும் குறை வைக்காதவள். தட்டு நிறைய மஞ்சள் அரிசி, பூ, பாக்கு எல்லாம் வைத்தாள். தளம் போட்ட மேஸ்திரி, "வாசக்கால் வெக்கிற மாதிரிதான் தாத்தா இதுவும். தட்டுல கீறத நாலு மூலைக்கும் கீழ போடுங்க" என்றார். போட்டேன். மிஷினை இறக்கினோம். ஸ்விட்சைத் தட்டினால், சீனு, என்ன ஓட்டம் என்கிறாய்! மிஷின் டேபிள் மேல் தளும்பத் தளும்பத் தண்ணீர் டம்ளரை வைத்தேன், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மட்டப்பலகை கூட வைக்காமல் கண்ணால் பார்த்து நிறுத்தியவன் நான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவனையும் உட்கார வைத்து டம்ளரைக் காட்டினேன்.

அதற்கடுத்த வாரம்தான் உன் அக்கா தாலிச் சரடு மாற்ற உட்கார்ந்தாள். அதில் கோர்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தால், உங்கள் அம்மா போட்ட லட்சுமி காசைக் காணோம். வீட்டைத் தலைகீழாக்கித் தேடினாள். கடைசியில் மிஷின் எதிரில் வந்து நின்றாள்.

"வித்துட்டீங்களா?"

"நான் எதுக்கு விக்கறேன்?"

"அப்போ இந்த மோட்டாரு எப்புடி வந்துச்சு?"

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "சத்தியமா காசை விக்கல ருக்மணி, உன் கிரைண்டரைக் குடுத்துதான் மோட்டாரை மாத்திக்கினு வந்தேன்" என்றேன். அதுவரை கிரைண்டர் ரிப்பேருக்குப் போயிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பையை எடுத்தாள், பஸ் ஏறினாள், உன் வீட்டில் இருக்கிறாள். துர்கா இங்கே நிறுத்தி, "மாமா, கிரைண்டர் கதையும் எழுதணுமா?" என்கிறாள். எழுதம்மா, எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறோம்.

அவள் என்னைத் திட்டினால் தாங்குவேன். தாய் போட்ட காசைத் தின்றவன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பூஜையன்று நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தட்டு, பூ, அரிசி... அரிசிக்குள் உன் அக்கா எதையோ சொருகினாள். நல்ல காரியமென்றால் தட்டில் ஒரு பொட்டுத் தங்கம் வைத்து எடுப்பது உங்கள் வீட்டு வழக்கம் அல்லவா! பூஜை முடிந்ததும் அவள் எடுத்துக்கொள்வதற்குள் நான் அரிசியோடு அள்ளிப் போட்டுவிட்டிருக்கிறேன். அன்றைய அலைச்சலில் அவளும் மறந்துவிட்டாள். சாய்குமாரைக் கூப்பிட்டு லாரி ஜாக்கி வைத்துத் தூக்கினோம். இடது பின்மூலையில் அரிசி மாவுக்கு நடுவே பளபளவென்று காசு! லட்சுமி முகம் நசுங்கிவிட்டது. தாமரை மட்டும் தெரிகிறது. தங்கம் துளி குறையவில்லை.

ஆகவே சீனு, நான் திருடனில்லை, மடையன்தான் என்று அக்காவிடம் சொல். அவள் வாசற்படி மிதிக்கிற அன்றே மிஷினை இரும்புக் கடையில் போடுகிறேன். காசைத் தட்டானிடம் கொடுத்து முகம் வைத்துத் தருகிறேன். துர்கா சாட்சி. உன் பெண்ஜாதி பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மாந்தோப்புக்கு மழையும், மண்டிக்கு ஏமாறாத எடையும் அமையட்டும்.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதில், தேய்ந்த கட்டைவிரல் ரேகை,
சண்முகம்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள், விற்கப்போகிற மிஷின்தானே என்று கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. மிஷின் காவடி ஆடுகிறது. மேஸ்திரி போட்ட தளம் அந்த மூலையில் சரியாக லட்சுமி காசு கனத்துக்குத் தாழ்ந்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்து நிறுத்திய லட்சணம் அவ்வளவுதான். ரூபாய் நாணயம், தகரம், சாய்குமாரின் பழைய ஏடிஎம் கார்டு, எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று; ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது. அந்தக் காசு அங்கேயே இருக்கட்டுமா என்று அக்காவைக் கேள். எந்தத் திருடனும் தூக்க முடியாத பீரோ அது. "மாமா, மிஷினைப் போட்டுர்றேன்னு மேல எழுதினத அடிச்சிடட்டுமா?" என்கிறாள் துர்கா. வேண்டாம், சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று அக்கா கேட்பாள். அவளுக்கு இது வெறும் பழைய இரும்பு. அப்போது சாம்பல் நிறத்தில் பார்த்தது, இப்போது நான் பச்சை அடித்துவிட்டேன். அந்த ஐப்பசியில் எனக்குச் சோற்றுக் கேரியர் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாளே, "புதுப்பொண்ணு வந்துக்கீது, அதும் கையால போடட்டும்" என்று முதலாளி ஸ்விட்சைக் காட்டினாரே, அவள் பயந்து கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாளே, அந்த மிஷின்தான் இது. அன்று சுற்றி நின்று கைதட்டியவர்களில் முதலாளி ஜகந்நாதன் போய்விட்டார். ஃபோர்மேன் எழிலரசன் போய்விட்டார். ஒயர் இழுத்த சுரேஷ்பாபுவும் போன தையில் போய்விட்டான். அந்த நாளைச் சொன்னால், ஆமாம் என்று சொல்ல எனக்கு மிச்சம் இருப்பது ருக்மணி.