ஐந்தாகக் கிழிந்த கிணற்றுத் தெரு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். சேதி ஒன்றுதான், உன் அக்கா ஜெயித்துவிட்டாள்!

எங்கள் குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் மூன்று பேர் கணினியில் புகார்களைத் தட்டுகிறோம் இல்லையா, அதில் கிணற்றுத் தெருப் புகார்தான் ஆறு மாதமாகத் தலைவலி. குழாயைத் திறந்தால் சாக்கடை நாற்றம், வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, ஜனங்கள் வந்து கத்துகிறார்கள், பொறியாளரோ, "ஒரு தெருவுக்கு நாப்பது அம்பது புகார் எங்கயும் வரும்மா. நூறு தாண்டினாத்தான் ரோட்டைத் தோண்ட முடியும்" என்று கையை விரித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில்தான் அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன். நீயும், "அக்கா, புகாரையெல்லாம் தெருவாரியா கட்டுக் கட்டாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டுலயும் எத்தனைன்னு கம்ப்யூட்டரை எண்ணச் சொல்லு. அதுக்குத்தான் 'குரூப் பை'ன்னு ஒரு கட்டளை இருக்கு" என்றாய்.

அந்தக் கட்டளையைப் போட்டேன். கூடவே புகார் கொடுத்தவர் பெயரையும் கேட்டேன், முடியாது என்று கணினி திட்டிவிட்டது. யோசித்தால் அது சொல்வதும் நியாயம்தான், கட்டுக்கு ஒரு வரி, அதில் ஐம்பது பேரில் யார் பெயரைப் போடும்? பெயரை எடுத்துவிட்டு, கட்டுகளை வடிகட்டும் 'ஹேவிங்' கட்டளையைச் சேர்த்து, நூறுக்கு மேல் உள்ள கட்டுகளை மட்டும் கேட்டேன். கிணற்றுத் தெருவைக் காணவே காணோம்! அழுகையே வந்துவிட்டது. ஹேவிங்கைத் தூக்கிவிட்டு முழுப் பட்டியலையும் பார்த்தால், அடப்பாவி, கிணற்றுத் தெரு 48, கிணத்துத் தெரு 61, கெணத்துத் தெரு 39, கிணறு தெரு 55, கிணற்று தெரு 11! ஒரு தெருவை ஐந்து தெருவாக நினைத்துத் தனித்தனியாக எண்ணியிருக்கிறது. எந்தத் தற்குறி இப்படித் தட்டியது என்று பிரிவே அதிரக் கத்தினேன், மற்ற இருவரும் குனிந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நகல் எடுத்து, அதில் எல்லாவற்றையும் ஒரே எழுத்தாகத் திருத்தி மறுபடி தொகுத்தேன். ஒரே வரி: கிணற்றுத் தெரு, 214.

தாளைத் தலைமை அதிகாரி முன்னால் வைத்தேன். "கம்ப்யூட்டர் தப்பா எண்ணியிருக்கும் சார்" என்றார் பொறியாளர். "அது சரியாத்தான் எண்ணுது சார். நாமதான் தெருவை அஞ்சாக் கிழிச்சு வச்சிருந்தோம்" என்றேன். மறுநாளே தோண்டினார்கள். குடிநீர்க் குழாயில் கையகல விரிசல், பக்கத்திலேயே சாக்கடை! ஐந்தாம் நாள் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அந்தத் தெருப் பெண் ஒருத்தி ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து, "குடிங்க சார்" என்று பொறியாளர் முன்னால் நின்றாள். மனுஷன் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

தலைமை அதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். விடுவேனா? தப்பாகத் தட்டியவரைக் கண்டுபிடித்து, ஒரு மாதம் எல்லாப் புகாரையும் கையால் எழுதவைக்க வேண்டும் என்றேன். உடனே உத்தரவு போட்டுவிட்டார்!

அத்தான் உன்னை விசாரித்தார். குழந்தைக்கு என் முத்தம். நீ நோய்நொடி இல்லாமல், சுத்தமான தண்ணீர் குடித்து நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன், தட்டியவர் வாரியாக அந்தப் பிழைகளைத் தொகுத்துப் பார்த்தேன். வந்தது ஒரே வரி. என் பெயர். தட்டியவர் பெயர் இருக்கும் நெடுவரிசையை யாருக்கும் தெரியாமல் மறைக்க என்ன கட்டளை? உடனே போன் பண்ணு.