பெரிய பேட்டரி வேண்டாம், சம்பந்தி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் பேட்டரி வண்டி மூவரும் சுகம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மகள் எல்லோரும் சுகமா என்று முறைப்படி கேட்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன் அப்படிக் கேட்டால் நன்றாக இருக்காது. போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு ஒரே காரணம், போனில் பேசினால் என் மனைவி காதில் விழும்.

என் வண்டிக்குப் பெரிய பேட்டரி ஒன்று ஏற்பாடு செய்து தருவதாக மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். தங்கள் மனசு யாருக்கு வரும்! ஆனால் வேண்டாம். என் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிற மாதிரி நான் என்னையே பார்த்துக்கொண்டதில்லை. வண்டி வாங்கிய அன்றே மெக்கானிக், "சார், எண்பது பர்சென்ட்டோட சார்ஜை நிறுத்திடுங்க, நூறு வரைக்கும் ஏத்தாதீங்க. இருபதுக்குக் கீழ இறங்க விடாதீங்க. ஓடி வந்த சூட்டோட சார்ஜ் போடாதீங்க, ஆறட்டும். வெயில்ல வைக்காதீங்க, பாரம் ஏத்தாதீங்க. இப்படிப் பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா உழைக்கும்" என்றார். அன்றிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இரண்டு மாடி தூக்கி வந்து, படுக்கையறையில் ஃபேனுக்கு நேர் கீழே வைக்கிறேன். அங்கே என் மனைவியின் தையல் மிஷின் இருந்தது. அதைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டேன். "அது நல்லாத் தூங்கட்டும், நான் வெயில்ல உக்காந்து தைக்கிறேன்" என்றாள். எவ்வளவு ஒத்துழைப்பு பாருங்கள்.

தாங்கள் கணக்கு வாத்தியாராக இருந்தவர், தங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். "அவ்வளவு நல்ல பேட்டரி நம்ம வாசலுக்கு வந்ததும் ஏன் தீந்துபோகுது? திரும்பிப் போறப்ப மட்டும் எப்படி மிச்சத்தோட வீடு போய்ச் சேருது? ரெண்டும் ஒரே ரோடுதானே?" நியாயமான கேள்விதான். தங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பார்த்தால் தெரியாது, நடந்தாலும் தெரியாது. பேட்டரிக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, தங்களிடம் மறைப்பானேன். முதல் தடவை நிஜமாகவே தீர்ந்தது. சார்ஜ் போட மறந்து கிளம்பி, தங்கள் தெருமுனையில் நின்று, தள்ளிக்கொண்டு வந்தேன், மாப்பிள்ளை ஓடிவந்து கை கொடுத்தார். பேட்டரி ஆற ஒரு மணி நேரம், சார்ஜ் ஏற மூன்று மணி நேரம். அவ்வளவு நேரமும் என் மகள் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே ஆபீஸ் வம்பெல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னோடு அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பெண் கொடுத்த வீட்டுக்கு ஒரு மனுஷன் என்ன காரணம் சொல்லிக்கொண்டு வாராவாரம் வருவான்? பழகப் பழகப் பாலும் புளிக்கும். பேட்டரி தீந்துபோச்சுன்னா யாரு என்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரம் பாருங்கள், தங்கள் தெருமுனைக்கு வந்தும் சார்ஜ் பாதிக்கு மேல் நிற்கிறது. அப்படியே வந்தால் தங்கள் வீட்டில் எந்த முகத்தோட சார்ஜ் போடுவேன்? பக்கத்துல இருக்கிற பூங்காவைச் சுத்தினேன். பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டுச் சுத்தினேன். இறங்குவேனான்னுது சனியன், நல்லா வளத்தது தப்பாப்போச்சு! காவலாளி கூப்பிட்டு, "பெரியவரே, ரொம்ப நேரமா யாரைத் தேடுறீங்க?" என்றார். "இருபதைத் தேடுறேன்" என்றேன். பாவம், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இன்னொரு வாரம் சுற்றியது அதிகமாகி, பூங்காவுக்கு அந்தப் பக்கமே வண்டி படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த என் கோலத்தைப் பார்த்து மகள் அழுதாள், தாங்கள் டாக்டருக்குப் போன் போட்டீர்கள். அன்றைக்குப் பேட்டரியோடு என்னையும் சேர்த்து ஆற வைத்தீர்கள். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்டவன் நான். தங்கள் வீட்டிலிருந்து என்னைக் கிளப்பத்தான் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பெரிய பேட்டரி வந்தால் என்ன ஆகும்? போகவர ரெண்டுக்கும் தாங்கும், தீந்துபோச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வாசல்ல நின்னு சௌக்கியமா சௌக்கியமான்னு கேட்டுட்டு வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். தயவுசெய்து அந்த உபகாரத்தை மட்டும் செய்துவிடாதீர்கள்.

என் மனைவிதான் கொஞ்ச நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை எடுத்தாலே, "வாராவாரம் போய் நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்கிறாள். அவளுக்கு மரியாதை முக்கியம். முழங்கால் வலியில் பஸ் படி ஏற முடியாது அவளால். "என்னையும் பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாள். ரெண்டு பேர் பாரம் பேட்டரி ஆயுசுக்கு ஆகாதுன்னு மெக்கானிக் சொன்னதை எடுத்துச் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டா. அப்புறம் கேக்கவே இல்ல.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள். அவர்களாவது எண்பதோடு நிற்காமல் நூறு வரைக்கும் போகட்டும்.

இப்படிக்கு,
மேட்டு வீட்டுக்கு வந்துபோகும் தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். பெரிய பேட்டரி தங்கள் யோசனையே இல்லையாம். என் மனைவிதான் சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரைத் தாங்குற பேட்டரி எங்கயாவது கிடைக்குமா? எனக்கும் என் பொண்ணைப் பாக்கணும்" என்று கேட்டாளாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை காத்திருக்கவும் போவதில்லை. பழைய பேட்டரியையே நூறு வரைக்கும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு இரண்டு பேரும் வருகிறோம், இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். வழியில் நின்றால் நான் தள்ளிக்கொண்டு வருவேன். அவள் உட்கார்ந்தே வரட்டும்.