பெரம்பூருக்கு எதிர்த்திசை

மதராஸுக்குப் போனாலும் பெரம்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று திருவரங்குளம் அழகுமலை முடிவு கட்டியிருந்தார். சகலை மலையாண்டி இருப்பது அங்கேதான். கல்யாணப் பந்தியில் ஊரே சிரிக்க இவருடைய தொந்தியைக் கேலி பண்ணியவன். மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

ஆனால் கடைக்குச் சரக்கு எடுக்கப் போனவரோடு மனைவி செங்கமலமும் ரயிலேறிவிட்டாள்.

எழும்பூரில் இறங்கியதுமே, "தங்கச்சியப் பாத்துட்டு வருவோமாங்க?" என்றாள்.

"மொதல்ல பட்டணத்தப் பாரு புள்ள. நேரமிருந்தா போவோம்."

நேரம் இருக்கக் கூடாது. அதுதான் திட்டம். ராத்திரி ரயில்வரை நடத்தியே களைக்க வைத்துவிட்டால் தங்கச்சி ஞாபகம் எங்கே வரப்போகிறது?

"டிராம் வருதுங்க."

"நடந்து பாத்தாத்தான் ஊரு மனசுல நிக்கும்."

"சரிங்க."

வயலுக்கும் வீட்டுக்கும் தினம் நடக்கிற கால் அவளுடையது. அவருடையது கல்லாவுக்கு அடியிலேயே கிடக்கிற கால்.

மண்ணடியில் கோட்டைப்பட்டினத்து ஜமால் முகமது கடையில் சரக்குக்குச் சொன்னார். சௌகார்பேட்டையில் முக்காடிட்ட பெண்களையும் பால் சுண்டுகிற கடாய்களையும் செங்கமலம் வாய் திறந்து பார்த்தாள். அவருக்கு அங்கேயே கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது.

"பெரம்பூரு இங்கிட்டிருந்து கிட்டங்களா?"

"அது வடக்க. நாம தெக்க போறோம்!"

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக மடங்குவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். திருவல்லிக்கேணியில் குதிகால் கொப்பளித்தது. சாந்தோமில் மாதா கோயில் மதிலோரம் சாய்ந்தே விட்டார். அவர் சோடா குடித்து முடிப்பதற்குள் அவள் பூக்காரியிடம் ஏதோ விசாரித்து வந்தாள்.

"தெரிஞ்சவுக வீடு ஒண்ணு பக்கத்துல இருக்குங்க. போவமா?"

"யாரு வீடா இருந்தா என்ன? என்னய ஒக்கார வையி!"

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் கதவைத் தட்டினாள். திறந்தவள் அவள் தங்கை அழகி. பின்னாலேயே கால் கழுவச் செம்புத் தண்ணீரோடு மலையாண்டி.

"வாங்கண்ணே! மத்தியானமே வருவீங்கன்னு பாத்தோம்."

"நீ... பெரம்பூருல்ல?"

"தை மாசமே இங்கிட்டு மாறியாச்சுண்ணே."

அழகுமலை மனைவியைப் பார்த்தார். அவளோ தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்:

"வழி தெரியாதேன்னு நான் பயந்தேன்டி. இவுகதான் ஒரு எடத்துலயும் வடக்க திரும்பவிடாம நேரா கூட்டியாந்து விட்டாக!"