கருங்கல்லின் உள்ளங்கால்

எண்ணெய்க் கிண்ணம் சுவரில் மோதி உருண்டதும், சூப்பிரண்டு உதைத்த காலை அவசரமாக மடக்கிக்கொண்டார்.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி, கன்னத்தில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தபடி.

"தசைப்பிடிப்பு."

"நேத்தும் அதானே சொன்னீங்க?"

"நேத்துப் பிடிச்சது இன்னும் விடலை."

பொய். அவருக்கு உள்ளங்காலில் கூச்சம். ஒரு விரல் பட்டால் போதும், அடிவயிற்றிலிருந்து 'கிக்கிக்கீ' என்று குருவிக்குஞ்சு போல ஒரு சத்தம் கிளம்பும். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கருங்கல். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலுக்கு லீவு கேட்டு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததுமே குணமாகித் திரும்பியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவரிடமிருந்து குருவிச் சத்தம் வந்தால் நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்? ஆகவே கல்யாணமான நாளிலிருந்து காலுறையோடுதான் தூங்குகிறார்.

மனைவி படிப்பதோ ரிஃப்ளெக்ஸாலஜி. பாதத்தை விரலால் அழுத்தி மனசை லேசாக்கும் கலை. சூப்பிரண்டு இதைப் பற்றி அலுவலகத்தில் ஒரு பிரசங்கமே செய்திருந்தார். சர்க்கரை போகும், ரத்தக்கொதிப்பு போகும், வழுக்கைகூடப் போகும் என்று.

"ஒரு வியாதியும் போகாதுங்க," என்று அவள் காற்றைப் பிடுங்கிவிட்டாள். "அதுக்கு டாக்டர் இருக்காரு. இது உடம்பு தளர்ந்து கொஞ்சம் நிம்மதியா இருக்கறதுக்கு. அவ்வளவுதான்."

மறுநாள் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. ஒவ்வொருவரும் ஒரு காலை, அதாவது ஆளோடு சேர்ந்த காலை, கூட்டி வரவேண்டும். தேறினால் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷனுக்குப் பயந்து படுத்திருப்பவர்களின் பாதத்தைப் பிடித்துவிட்டு ஆசுவாசப்படுத்தும் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கும் புருஷனை ஆபீசுக்கும் அனுப்பியே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

சூப்பிரண்டு மச்சினனுக்கு போன் போட்டார்.

"மாப்ளே, நாளைக்கு அக்கா பரீட்சைக்கு உன் காலைக் கொண்டு வாயேன்."

"நான் ஷூவைக் கழட்டினா எங்க வீட்டுப் பூனையே வெளிய போயிடும் மாமா. பரீட்சை வைக்கிறவங்க பாவம் இல்லையா?"

மனைவி போனைப் பிடுங்கி வைத்தாள். "அவன் கால் வேணாம். எனக்கு உங்க கால்தான் வேணும்."

சூப்பிரண்டுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. தன் பாதத்துக்குத் தனி அந்தஸ்து உண்டு என்று அவருக்கு எப்போதுமே ஒரு எண்ணம்.

துக்கமானதை நினைத்தால் சிரிப்பு வராது என்று அடுத்த யோசனை. மேலதிகாரி திட்டியதை நினைத்துக்கொண்டு காலை நீட்டினார். கட்டைவிரல் பட்டதும் அழுகையும் சிரிப்பும் தொண்டையில் முட்டிக்கொண்டு விக்கலாக வந்தது. விக்கலுக்குத் தண்ணீர் குடித்தார். புரையேறியது.

"இதுவும் தசைப்பிடிப்பா?"

"தொண்டையிலயும் பிடிக்கும்."

காலையில் மருந்துக்கடைக்கு ஓடினார்.

"மரத்துப் போற களிம்பு இருக்கா?"

"வலி எங்க சார்?"

"இன்னும் வரலை. வரும்."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முழு டியூபையும் இரண்டு பாதங்களிலும் அப்பிக் காலுறை மாட்டினார். மனைவியோடு தெருமுனைக்கு வருவதற்குள் கால்கள் காணாமல் போயிருந்தன. தரை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் அடி வைக்க வேண்டியிருந்தது.

"என்னங்க, ஒத்தைச் செருப்போட நடக்கிறீங்க?"

"இன்னொண்ணு கனமா இருந்துச்சு," என்றார் கம்பீரமாக.

பரீட்சைக் கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். நாற்காலிக்கு ஒரு புருஷன், காலடியில் ஒரு மனைவி. புருஷன்மார்கள் அத்தனை பேரும் சட்டம் போட்ட படம் மாதிரி அசையாமல் சாய்ந்திருந்தார்கள். ஆண்பிள்ளைகள் என்றால் இவர்கள்தான் என்று சூப்பிரண்டு பொறாமைப்பட்டார்.

"சார், நீங்களா!" என்றது பக்கத்து நாற்காலி. அவருடைய அலுவலக டைப்பிஸ்ட். போச்சு. இங்கே ஒரு 'கிக்' வந்தாலும் நாளைக் காலை அலுவலகம் முழுக்க நாறிவிடும்.

மணி அடித்தது. மனைவி காலுறையைக் கழற்றி, பாதத்தைத் துடைத்துவிட்டு அழுத்தினாள். பக்கத்து ஊரில் யாரோ யார் காலையோ பிடிப்பது போல இருந்தது. கருங்கல் கருங்கல்லாகவே இருந்தது. டைப்பிஸ்டைப் பார்த்து லேசாகப் புருவத்தைக்கூட உயர்த்தினார்.

கொஞ்ச நேரத்தில் அவள் கை தயங்கியது. விரல்களை உதறினாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி உதறினாள். சுற்றிலும் இன்னும் சில பெண்கள் உதறிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணில் பட்டது இவள் முகம் மட்டும்தான்.

"என்னங்க," என்று கிசுகிசுத்தாள். "விரல்ல உணர்ச்சியே இல்லை. எவ்வளவு அழுத்தறேன்னே தெரியலை. பயத்துல கை மரத்துப்போச்சு போல. எனக்கெல்லாம் இது சரிப்படாதுங்க. நான் எழுந்துடறேன்."

அவள் கண் நிறைந்திருந்தது. பரீட்சை வைக்கும் அம்மாள் இவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

சூப்பிரண்டு டைப்பிஸ்டைப் பார்த்தார். மரத்துப்போன அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு, எழுந்து நின்றால் விழுந்துவிடுவோம் என்பதால், உட்கார்ந்தபடியே முழங்கினார்.

"மேடம்! இவ கை மேல தப்பே இல்லை. தப்பு என் கால் மேல. எனக்குக் கிச்சுகிச்சு! சின்ன வயசுலேர்ந்தே பயங்கரமான கிச்சுகிச்சு! வெளிய தெரியக் கூடாதுன்னு மரத்துப் போற களிம்பைத் தடவிட்டு வந்துட்டேன். என் கௌரவம் போனாப் போகட்டும், இவளை ஃபெயிலாக்கிடாதீங்க!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். டைப்பிஸ்ட் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் தன் பாதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நாற்காலி வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.

"இன்னிக்குப் பரீட்சையே கூச்சக் காலைத் தூங்க வைக்கிறதுதான் சார், அது தெரிஞ்சுதான் உங்க வீட்டம்மா உங்களைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ம், களிம்பு தடவிட்டு வந்த மத்த புருஷன்மாரும் எழுந்திரிங்க, எல்லாரும் வரிசையாப் போய்க் காலைக் கழுவிட்டு வாங்க, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்!"