ஏற்றமிகு தாழ்விடம்

ஏழு மலைக்கு அந்தப் பக்கம் நெடுங்குடை நாடு என்று ஒரு நாடு. எட்டாவதாகவும் ஒரு மலை இருந்தது. அதை முந்தைய ஆட்சியில் வெட்டி விற்றுவிட்டார்கள். முந்தைய ஆட்சியும் இதே மன்னருடையதுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் எல்லாரும் கூடி மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். நிற்பவர் ஒரே ஆள் என்பதால் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

நாட்டுக்கு ஒரே நெடுஞ்சாலை. தெற்குக் கோடியில் வண்டி கட்டினால் தலைநகரச் சந்தையில் போய் நிற்கலாம், விழாமல் போனால். அந்தச் சாலைக்கு அரசாங்கம் பெயர் எதுவும் வைக்கவில்லை. மக்கள்தான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சாலை யாரை விழுங்குகிறதோ அவர் பெயர் அந்தப் பள்ளத்துக்கு. சிலம்பாயி வளைவு, குப்பண்ணன் குழி, மாப்பிள்ளை மடு என்று வரிசையாக இருக்கும். மாப்பிள்ளை மறுவீட்டு விருந்துக்குப் போனவர், விருந்து ஆறிப்போயிற்று.

அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு தழை ஒடித்துப் போட்டு, பெயரைச் சொல்லி, "போயிட்டியே" என்று ஒரு வார்த்தை அழுதுவிட்டுப் போக வேண்டும். என்றைக்காவது பள்ளம் தூர்ந்து சாலை சமமானால், செத்தவர் வீட்டார் வந்து அங்கே பால் ஊற்றி, "எறங்கி வா, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிடுவார்கள். அதோடு பெயர் பள்ளத்தைவிட்டு இறங்கிவிடும், அழுகையும் நின்றுவிடும். இதற்குப் பெயர் இறக்குதல் என்று சொல்வார்கள். சொல்வார்களே தவிர, நினைவு தெரிந்து யார் பெயரும் இறங்கியதில்லை.

தென்கோடியில் இருந்தது மயிலப்பன் பள்ளம். மயிலப்பன் காத்தாயியின் புருஷன். பூசணிக்காய் பாரத்தோடு விழுந்தவர். அவ்வளவு பூசணி உடைந்தும் சாலைக்குத் திருஷ்டி கழியவில்லை. இப்போது அந்த வண்டியை மகள் பூவாத்தா ஓட்டினாள்; காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். பள்ளம் வந்ததும் இறங்கித் தழை போட்டு, வழக்கமான ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல் நாலு வார்த்தை கூடவே சொல்லுவாள்.

"இருந்தப்ப ஒருநாளாச்சும் ஒரு எடத்துல நின்னியா? இப்பப் பாரு, நட்ட கல்லாட்டம் கெடக்குற."

"ஏம்மா, செத்தவரைப் போயி திட்டுற?"

"செத்தா என்னடி, காதுமா செவிடாயிரும்?"

திட்டினாளே ஒழிய, அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். அந்தப் பள்ளம் தூர வேண்டும், மனிதனை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். பள்ளம் பூவாத்தாவின் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் அது நடக்க வேண்டும்.

அதுவரை அந்தப் பெயர்தான் காவல். எதிரே வரும் வண்டிக்கு, "மயிலப்பன் வருது!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், மாட்டை இழுத்துப் பிடித்து ஓரம் கட்டிவிடுவார்கள்.

இப்படி இருக்கையில் அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் அந்த வழியாக வந்தார். அரசவையில், "உங்கள் நாட்டில் மயிலப்பன் என்பவர் பெரிய வேந்தரோ? போகிறவர் வருகிறவர் எல்லாம் இறங்கி நின்று மரியாதை செய்கிறார்களே!" என்று கேட்டுவிட்டார்.

மன்னர் ஜெயகம்பீரர் அன்று பாயசத்தைத் தொடவில்லை. சாலை அமைச்சர் கீர்த்திவாகனரைக் கூப்பிட்டார். கீர்த்திவாகனர் கண்ணீர் மல்கச் சொன்னார்:

"எப்படிச் சொல்வேன் மன்னா! கண்ட கண்ட பிணங்களின் பெயரெல்லாம் சாலையில் கிடக்கிறது. உயிரோடு உலவும் தங்கள் பெயர் ஒரு குழிக்குக்கூட இல்லை!"

உடனே சாலைத்துறை மூடப்பட்டுப் பெயர்த்துறை திறக்கப்பட்டது. அமைச்சர் அவரேதான். ஜல்லி இழுத்த வண்டிகள் கல்பலகை இழுக்கப் போயின. ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் மன்னர் பெயர் வெட்டிய ஆளுயரக் கருங்கல் பலகை, அதற்குக் கீழே மூன்றடுக்குப் பீடம். மலையைத்தான் விற்றாகிவிட்டதே, பீடத்துக்குக் கல்? சாலையிலேயே பெயர்த்துக்கொண்டார்கள். முழங்கால் பள்ளம் இடுப்புப் பள்ளமாயிற்று. ஓரத்தில் கிடந்த மயிலப்பன் பள்ளம் சாலையின் நடுவுக்கே நகர்ந்து வந்துவிட்டது.

பலகை மட்டும் வைத்தால் வாய் மாறுமா? மாறவில்லை. ஆகவே அடுத்த ஆணை வந்தது. பழைய பெயரை உச்சரிப்பவரின் வண்டிக் கடையாணி பறிமுதல் செய்யப்படும். புதிய பெயரையும் சுருக்கிச் சொல்லக் கூடாது. மன்னர் பெயரைச் சுருக்குவது மன்னரையே சுருக்குவதாகும். மயிலப்பன் பள்ளத்தின் புதிய பெயர் இது: மாட்சிமை தங்கிய, மண்ணாளும் மாமணி, மாற்றாரும் போற்றும் மாண்புமிகு ஜெயகம்பீரர் பொற்பாதப் பெருவழியின் தென்கோடி ஏற்றமிகு தாழ்விடம்.

பள்ளம் என்ற சொல்லே நாட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. பள்ளம் மட்டும் இருந்தது.

ஐப்பசி மழையில் அது நிறைந்து சாலையோடு சாலையாகத் தெரிந்த ஒருநாள், பூவாத்தா வண்டியை மெல்ல ஓரத்தால் கடத்திவிட்டு நிமிர்ந்தாள். எதிரே அதே ஊர் ஒண்டிமுத்துவின் வண்டி. பலகை வருமுன்பே போய், சந்தையிலேயே தங்கிச் சரக்கை விற்றுவிட்டு, காளையை ஓடவிட்டுப் பாடிக்கொண்டு வந்தான். பள்ளம் நகர்ந்தது அவனுக்குத் தெரியாது. பலகைக்குப் பக்கத்தில் காவலன், கையில் கடையாணி பிடுங்கும் குறடு. ஆணி போனால் பூவாத்தாவின் சக்கரம் அடுத்த திருப்பத்தில் கழன்றுகொள்ளும்.

காத்தாயி வாயைத் திறந்தாள். "மாட்சிமை தங்கிய! மண்ணாளும் மாமணி! மாத்தாரும் போத்தும்..." மூச்சு முட்ட, பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டு கத்தினாள்.

"அத்தே, என்ன பாட்டு புதுசா..." என்று சிரித்தான் ஒண்டிமுத்து. அவள் "மாண்புமிகு"வுக்கு வருவதற்குள் வண்டியும் இல்லை, காளையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

காவலன் எழுதிக்கொண்டான்: வண்டிக்காரர் ஒருவர் தாழ்விடத்தில் இளைப்பாறினார்.

கருமாதி முடிந்ததும் காத்தாயி தலைநகருக்கு நடந்தாள். அமைச்சர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, அதைத் தூத்துருங்க. ஒண்டிமுத்து பொண்டாட்டி கைப்புள்ளையோட நிக்கிறா. எம்மக தெனமும் அந்த வழியாத்தான் போய் வரணும். எங்க வீட்டு மனுசன் பேரை நானே எறக்கிக்கிறேன். உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

"எதைத் தூர்க்க வேண்டும்?"

"அந்தப் பள்..." என்று தொடங்கியவள், வாசல் காவலன் தொண்டையைச் செருமியதும் நிறுத்தினாள். "அதான் சாமி, அந்த ஏற்றமிகு."

கீர்த்திவாகனர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "மன்னர் பெயரைத் தாங்கிய இடத்தில் மண் அள்ளிப் போடச் சொல்கிறாயா? இது ராஜதுரோகம் அல்லவா?"

"ஆள் சாகுதுங்களே."

"ஆள் சாவது இயற்கை. பெயர் சாவது அநியாயம்." அமைச்சருக்குத் தம் வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று; குறித்துக்கொள்ளுமாறு எழுத்தருக்குச் சைகை காட்டினார். "மரியாதை கெட்ட கூட்டமம்மா நீங்கள். ஒரு பூசணிக்காய்க்காரனுக்காக வண்டியை நிறுத்தி இறங்குகிறீர்கள். மன்னர் பெயரைக் கடக்கும்போது கழுத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். இனிமேல் அவனுக்குச் செய்ததெல்லாம் மன்னருக்குச் செய்ய வேண்டும்."

காத்தாயி ஓரடி முன்னால் வந்தாள். "எல்லாமேவா சாமி?"

"ஒன்றுவிடாமல். மனமுருகிச் செய்ய வேண்டும். இன்றே தண்டோரா போடச் சொல்கிறேன்."

"போடுங்க சாமி. நாங்க சட்டத்தை மீறுன குடும்பம் இல்ல" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஊர் திரும்பிய மறுநாள் வண்டி பலகை அருகே நின்றது. காத்தாயி இறங்கினாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள். வேலியில் ஒரு கொப்பை ஒடித்துப் பலகையின் காலடியில் போட்டாள். மார்பில் அறைந்துகொண்டு எடுத்தாள் பாருங்கள் ஓர் ஒப்பாரி!

"பல்லக்குல போனவனே, தாழ்விடத்துல போயிட்டியே! ஐயோ என் ஜெயகம்பீரா, ஆள் அம்பு இருந்தும் அநாதையாப் போயிட்டியே!"

காவலன் குறடோடு ஓடி வந்தான். பிறகு தண்டோரா நினைவுக்கு வந்து நின்றுவிட்டான். தழை, பெயர், அழுகை; மயிலப்பனுக்குச் செய்தது போலவே, ஒன்றுவிடாமல், மனமுருகி. எங்கே தப்பு என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"ஏம்மா, அப்பாவுக்குக்கூட நீ இப்படி அழுததில்லையே" என்றாள் பூவாத்தா.

"உங்கப்பனுக்கு யாருடி சட்டம் போட்டா?"

அப்புறம் கேட்க வேண்டுமா? சாலை நெடுக, பலகைக்குப் பலகை, ஊருக்கு ஊர் அழுகை. ஆண்கள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அது அழுகைதானா என்று காவலர்களால் சரிபார்க்க முடியவில்லை. அண்டை நாட்டிலிருந்து துக்கம் விசாரிக்க ஒரு குழு வந்தது. வாசலில் மன்னரே வந்து வரவேற்றதும் கொண்டுவந்த மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"நான் எப்போது இறந்தேன்?" என்று மன்னர் அமைச்சரைக் கேட்டார்.

"அரசாங்கக் குறிப்புகளில் அப்படி எதுவும் இல்லை மன்னா."

தென்கோடிக்கே ஆள் அனுப்பிக் காத்தாயியை விசாரித்தார்கள். எப்போது நிறுத்துவாய் என்று கேட்டதற்கு, "அது தூந்தா நிறுத்திருவோம். வேற வழி எங்க வழக்கத்துல இல்லீங்க" என்றாள்.

தூர்ப்பதா? ஒரு பூசணிக்காய்க்காரி சொல்லி அரசாங்கம் மண் அள்ளுவதா? மன்னர் மானஸ்தர். அதனால் வேறு உத்தரவு போட்டார்: ஒரு பலகையும் கண்ணில் படக் கூடாது, பீடம் உட்பட, உடனே.

படைவீரர்கள் பலகைகளைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய கல்லை எங்கே கொண்டுபோவது? உடனே என்றால் உடனே. பக்கத்தில் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. பலகையை உள்ளே தள்ளி, பீடத்தை மேலே போட்டு, மண் கொட்டி, யானையை விட்டு மிதிக்கவைத்தார்கள். நெடுங்குடை நாட்டு வரலாற்றில் முதன்முறையாகச் சாலை சமமாயிற்று. யாரும் அப்படித் திட்டமிடவில்லை என்பதை அரசாங்கத்துக்கு நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

காத்தாயி ஒரு செம்புப் பாலோடு போனாள். அந்தச் சமதரையைக் காலால் தடவிப் பார்த்தாள். திட்டுவதற்கு ஏதோ தேடினாள், அகப்படவில்லை. பாலை ஊற்றி, "எறங்கி வாய்யா. வழி சீராயிருச்சு. வீட்டுக்குப் போவோம்" என்றாள். திரும்பும்போது வண்டியில் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். பூவாத்தா காளையை மெதுவாக ஓட்டினாள்.

தேர்தல் நெருங்கியது. தேர் குலுங்காமல் போவது மன்னருக்கு வியப்பாக இருந்தது. "இந்த இடத்தை மக்கள் எப்படி அழைக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றும் அழைப்பதில்லை மன்னா. பள்ளம் இல்லாத இடத்துக்கு இவர்கள் பெயர் வைக்கும் வழக்கமில்லை."

"என் நாட்டில், என் சாலையில், தேர்தல் நேரத்தில், என் பெயர் எங்கேயும் இல்லையா?" மன்னருக்குக் கண் சிவந்தது. "தோண்டுங்கள்!"

தோண்டினார்கள். இந்த முறை அழுகையைத் தடைசெய்து, கடையாணிச் சட்டத்தைப் புதுப்பித்து, பலகைகளை மீண்டும் நிறுத்தினார்கள். காத்தாயி குறுக்கே விழுந்து பார்த்தாள்.

"இப்பத்தானடா அந்த மனுசன் வீடு வந்து சேந்தாரு! மறுபடி எங்கடா கூப்புடுறீங்க?"

"மேலிடத்து உத்தரவு ஆத்தா, தள்ளிக்க" என்றார்கள்.

அந்த வாரமே பூவாத்தாவின் வண்டி அங்கே குடை சாய்ந்தது. உயிர் தங்கியது, கால் போயிற்று. தாழ்விடத்தில் பெண்ணொருத்தி சற்றே அமர்ந்தாள் என்று காவலன் எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து காத்தாயி வீட்டில் தங்குவதில்லை. பள்ளத்துக்கு எதிரே, சாலையோரத்தில் உட்கார்ந்து, வரும் வண்டிகளைக் கும்பிட்டுக் கையைக் காட்டித் திருப்பிவிடுவாள். கை காட்டுவதற்குச் சட்டம் எதுவும் இல்லை என்று நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அதற்கும் சட்டம் வந்தது: மன்னர் பெயர் இருக்கையில் கை காட்டிப் பேசுவது அவமதிப்பு, எச்சரிப்பதானால் வாயால், முழுப்பெயர் சொல்லி.

அன்றைக்கு மழை. பள்ளம் தளும்பி, சாலை கண்ணாடி போல் கிடந்தது. வடக்கே முரசு கேட்டது. ஓட்டுக் கேட்க மன்னர் வந்தார். ஆறு குதிரை பூட்டிய தேர். அமைச்சர் குடை பிடிக்க, மன்னர் நின்றபடியே இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டு, காற்றாய் வந்தார். அவர் வழக்கமாக வரும் ஓரத்தைத்தான் பீடம் பிடித்துக்கொண்டிருந்தது; தேருக்கு மிஞ்சியது நடுச்சாலை.

காவலனுக்கு வேர்த்துவிட்டது. "ஆத்தா, தேர் நேரா வருது! கத்து ஆத்தா!"

"என்னன்னுப்பா கத்துறது? எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கத்தட்டுமா?"

"ஐயையோ, வேணாம்! என் வேலை போயிரும். சட்டப்படி கத்து!"

"சரிப்பா. சட்டப்படியே ஆகட்டும்."

காத்தாயி எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாட்சிமை... தங்கிய..." என்று ஆரம்பித்தாள்.

தேர் வந்துகொண்டிருந்தது.

"மண்ணாளும்... மாமணி..."

அன்றைக்கு ஒண்டிமுத்துவுக்குக் கத்தியபோது அவசரத்தில் பாதியை விழுங்கியிருந்தாள். இந்த முறை ஓர் எழுத்தைக்கூட விழுங்கவில்லை. மன்னர் பெயராயிற்றே.