நானே சொன்ன ரைட்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுத வேண்டி வந்த கதையைத்தான், அவள் போன் உங்களுக்கு வருமுன் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

ரிட்டயர் ஆனதும் தீவுகளைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்தது உங்களுக்கே தெரியும். வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று தீவுக்கூட்டங்கள். வடக்கே ஒவ்வொரு தீவிலும் இறங்கி, "இங்கயும் மணல்தான், இங்கயும் தண்ணிதான்" என்று உள்ளதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடுக்கூட்டத்தில் பேச்சையே நிறுத்திவிட்டாள். சரி, தெற்கிலாவது வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் படகுத்துறைக்கு வந்தேன். அங்கே ஜனங்கள் ஏறுகிற லட்சணத்தைப் பார்த்ததும் பழைய பஸ் கண்டக்டர் சும்மா இருப்பானா? "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று எல்லாரையும் ஏற்றி, உங்கள் தங்கையை ஜன்னலோரம் உட்காரவைத்து, கீழே இறங்கி முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்து, படகைத் தட்டி "ரைட்!" என்றேன் மச்சான். போய்விட்டது.

என் போன், கண்ணாடி, மாத்திரை எல்லாம் அவள் பையில். பதறிப்போய், கிளம்பிக்கொண்டிருந்த சாமான் படகு ஒன்றில் தாவி ஏறினேன். அது வடக்கே போகிற படகு. இப்போது மறுபடியும் அதே மணல், அதே தண்ணி. குறை சொன்னால் கேட்கக்கூட பக்கத்தில் ஆளில்லை. சத்தியமாக அழுகை வருகிறது. அவள் தனியாக எங்கே பயந்துபோய் நிற்கிறாளோ! "வேணும்னே ஏத்திவிட்டுட்டாரு" என்று சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள்தான் அவளுக்குச் சமாதானம் சொல்லி என்னைக் கரையேற்ற வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம். சின்னவர்களுக்கு ஆசி, முண்டியடிக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, நான் இருக்குமிடத்தை எப்படியோ விசாரித்து, இங்கத்து டிக்கெட் கவுன்டர் போனில் அவளே கூப்பிட்டுவிட்டாள். நான் ஏறவில்லை என்று படகுக்காரர் அப்போதே நிறுத்தப் பார்த்தாராம். "நீங்க ரைட் சொன்னா எந்த வண்டியும் நிக்காதுன்னு பெருமையடிப்பீங்களே, அதான் நிறுத்த வேணாம்னுட்டேன்" என்கிறாள். தெற்கே ஒவ்வொரு தீவும் ஒவ்வொரு அழகாம். ஆகவே சமாதானத்தை அவளுக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு அனுப்பவும். நாளைப் படகில் நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வாய மூடிக்கிட்டு வர்றதா இருந்தா, ரைட்" என்றாள்.